ஆன்லைன் படிப்பு: பாலக்கோட்டு ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட் பிரிண்ட். தக்காளி மண்டிக்கு வந்துபோகிறவர்கள் பாதிப் பேர், காலேஜ் பிள்ளைகள் மீதிப் பேர். பிரிண்டர் சூடாகி ஓடத் தொடங்குவதற்குள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்த வாரம் மாரண்டஅள்ளிக்காரர் கேட்டதை அடுத்த வாரம் காரிமங்கலத்து அம்மா கேட்பார். கேள்விகளை பில் புக்கின் பின்பக்கம் குறித்து வைத்தேன். மூன்று பில் புக் தீர்ந்துவிட்டது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

நான் வாத்தியார் இல்லை. தபாலில் பி.காம். படித்து, மூன்று முறை கடையின் தொழிலை மாற்றிக்கொண்டவன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

"டிஸ்ரப்டிவ் டெக்னாலஜின்னு காலேஜ்ல செமினார் குடுத்திருக்காங்கண்ணா. அது என்ன, புது மெஷினா?"

மெஷினின் பெயர் இல்லை தம்பி, ஒரு நடப்பின் பெயர். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த கிளேட்டன் கிறிஸ்டென்சனும் ஜோசப் பவரும் 1995இல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல். தமிழில் 'சீர்குலைக்கும் தொழில்நுட்பம்' என்று எழுதுகிறார்கள். ஏதோ கலவரம் நடந்த மாதிரி இருக்கிறது. எனக்கு 'புரட்டிப்போடும்' என்பது பொருந்துகிறது. வரும்போது அது மலிவாக, மட்டமாகத்தான் வரும். பெரிய ஆட்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதுவரை எதுவுமே கிடைக்காதவர்கள் 'இதாவது கிடைத்ததே' என்று எடுத்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் தரம் ஏறும். ஒருநாள் பெரிய ஆட்களின் வாடிக்கையாளரே இந்தப் பக்கம் வந்து நிற்பார். கிறிஸ்டென்சன் சொன்ன உதாரணம் அமெரிக்க எஃகு ஆலைகள். பழைய இரும்பை உருக்கும் சின்ன ஆலைகள் முதலில் கட்டடக் கம்பி மட்டும் போட்டன. லாபம் குறைந்த சரக்கு என்று பெரிய ஆலைகள் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தன. சின்னவை அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் தகடு வரைக்கும் வந்துவிட்டன.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், என் கடையைச் சொல். முதலில் இது எஸ்.டி.டி. பூத். செல்போன் வந்தபோது 'டவர் எடுக்கலைன்னு மொட்டை மாடிக்கு ஓடறான் பாரு' என்று கேலி பேசினேன். சில வருஷத்தில் பூத்தில் ஈ ஓட்டினேன். பிரௌசிங் சென்டர் ஆக்கினேன். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு வரிசை ரோடு வரை நிற்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, பிறகு ரிசல்ட்டே போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸாக வந்தது. வரிசை கலைந்தது. இப்போது ஜெராக்ஸ். செமினாரில் தைரியமாகச் சொல், ஆளைக் கூப்பிட்டால் நானே வந்து நிற்கிறேன்.

"ஆன்லைன் படிப்பு கொரோனாவுல வந்ததுதானே?"

கொரோனாவில் எல்லாருக்கும் கட்டாயமானது, அவ்வளவுதான். ஊரை விட்டு நகராமல் படிக்கும் ஆசை பழையது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தபால் படிப்பு 1979இல் தொடங்கியது. இக்னோ என்ற தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002. கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை இஸ்ரோ 2004 செப்டம்பரில் விட்டது. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003லேயே என்பிடெல் என்ற பெயரில் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கிவிட்டன.

உலகம் திரும்பிப் பார்த்தது 2011இல். ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் என்ற இருவர் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் யாரும் படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். மறுவருஷமே கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் இரண்டும் பிறந்தன. ஆனால் பாலக்கோட்டுக்கு அது வந்து சேர்ந்தது டேட்டா விலை சரிந்த பிறகுதான். அதற்கு முன் ஒரு மணி நேர வீடியோ பார்க்க என் கடைக்கு 20 ரூபாய் கொடுக்கவேண்டும். பாதி நேரம் வட்டம் சுற்றும்.

"எங்க பாப்பா ரெண்டு வருஷம் போன்லதான் படிச்சா. ஒண்ணுமே ஏறல. மறுபடியும் ஆன்லைன்னா எப்படிங்க நம்பறது?"

நம்பாததில் தப்பில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1. நடுவில் நடந்தது ஆன்லைன் கல்வி என்பதைவிட, தீப்பிடித்த வீட்டிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்து ஓடிய கதை. கரும்பலகைப் பாடத்தை அப்படியே போனுக்கு முன்னால் நடத்தினார்கள். வீட்டில் ஒரே போன். அப்பா அதை எடுத்துக்கொண்டு ஓசூர் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் அவர் வந்த பிறகு வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துப் பிள்ளை நோட்டில் எழுதும். கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கியிருந்தது நல்லதாய்ப் போயிற்று. நெட் இல்லாத வீட்டுக்கு அதுதான் வாத்தியார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இழந்ததை ஈடுகட்ட அரசு அடுத்து எடுத்த வழி செயலி இல்லை. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். சாயங்காலம் தெருத் திண்ணையில் ஊர் அக்கா ஒருத்தி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். எங்கள் தெருவில் பன்னிரண்டு பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தார்கள். பிள்ளை பதில் சொல்லாவிட்டால் அந்த அக்கா விடமாட்டாள். போனில் கேமராவை அணைத்துவிட்டால் முடிந்தது கதை.

"யூட்யூப்லயே எல்லாம் சும்மா கிடைக்குதே. அப்புறம் எதுக்கு இவனுங்க ஆயிரக்கணக்குல கேக்கறாங்க?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பாடம் என்ற சரக்கின் விலை சுழியம் ஆகிவிட்டது. முதல் கேள்வியில் சொன்ன புரட்டல் நடந்தது அங்கேதான். பள்ளிப் புத்தகத்தில் கியூஆர் குறியீடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் வீடியோ. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் தமிழிலேயே இருக்கின்றன. என்பிடெல்லில் ஐஐடிப் பேராசிரியர் நடத்துகிறார். இதற்கெல்லாம் பைசா இல்லை.

இன்னும் மலிவாகாதது மூன்று. சந்தேகத்தைக் கேட்டால் உங்கள் பிள்ளைக்குப் பதில் சொல்லும் ஆள். 'நேத்து குடுத்த கணக்கு போட்டியா?' என்று விரட்டும் ஆள். வெளியார் நம்பும் தேர்வும் சான்றிதழும். காசு கேட்கிறவரிடம் இந்த மூன்றில் எது தருகிறீர்கள் என்று கேளுங்கள். '2000 வீடியோ இருக்கு சார்' என்று சொன்னால், மண்டியில் தக்காளி கொட்டிக் கிடக்கும் நாளில் கிலோ நூறு ரூபாய் சொல்கிற ஆள் அவர். வாரம் இரண்டு முறை, ஒரே ஆசிரியர், பத்துப் பிள்ளைக்கு மேல் இல்லை, தப்பைத் திருத்தித் தருவோம் என்றால் அதற்கு ஒரு விலை கொடுக்கலாம்.

"சும்மா கிடைக்கிறத சேர்ந்துடறேன், ஆனா முடிக்கவே மாட்டேங்கிறேனே, ஏண்ணா?"

உனக்கு மட்டும் இல்லை. ஸ்டான்ஃபோர்டு வகுப்பில் சேர்ந்த 1,60,000 பேரில் முடித்தவர்கள் 20,000 சொச்சம். அதுகூட நல்ல கணக்கு. இலவசத் திறந்தநிலைப் பாடங்களில் பொதுவாகப் பத்தில் ஒருவர்கூட முடிப்பதில்லை. த்ரனே 2013இல் தன் சரக்கு மோசமானது என்று வாய்விட்டுச் சொன்னார்.

என் கடைக்கு வருகிறவர்களில் முடித்தவர்களைக் கவனித்திருக்கிறேன். தனியாகச் சேர்ந்தவர்கள் குறைவு. ஒரே பாடத்தில் இரண்டு பேராகச் சேர்ந்திருப்பார்கள். தேர்வுக் கட்டணத்தை முதலிலேயே கட்டியிருப்பார்கள், கட்டிய காசு உறுத்தும். பெல்ரம்பட்டியிலிருந்து வரும் ஒரு பெண் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வார அசைன்மென்டைப் பிரிண்ட் எடுத்துப் போவாள், போனில் பார்த்தால் தூக்கம் வருகிறதாம்.

"என்பிடெல் சர்டிஃபிகேட்டுக்கு மதிப்பு இருக்கா? எப்படி வாங்கறது?"

இருக்கிறது. ஏன் என்றால் தேர்வு உண்டு, அதுவும் நேரில். மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் பெயர் பதிந்து 4, 8 அல்லது 12 வாரப் பாடம் ஒன்றை எடுக்கவேண்டும். வாரா வாரம் அசைன்மென்ட். அது 25 மதிப்பெண், தேர்வு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 எடுத்தால்தான் சான்றிதழ். படிப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய் அளவில் கட்டவேண்டும், பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. தேர்வு ஊரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கடைசி நாள் வரை இருந்தால் பக்கத்து ஊர் நிரம்பிவிடும், விடிகாலை பஸ் பிடிக்கவேண்டியிருக்கும்.

காலேஜில் படிக்கிறவர்களுக்கு இன்னொரு லாபம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து கிரெடிட் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் காலேஜ் ஒத்துக்கொள்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். கட்டிவிட்டு வந்து என்னிடம் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர்.

"ஊட்ல இருந்தே ஐஐடி டிகிரி படிக்கலாமாமே, நெசமாங்க?"

நிஜம். சென்னை ஐஐடி 2020 ஜூனில் இதை அறிவித்தது. இப்போது டேட்டா சயின்ஸ், எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் என்று பி.எஸ். பட்டங்கள். டேட்டா சயின்ஸுக்கு ஜேஇஇ வேண்டாம். பிளஸ் டூ எந்த குரூப் ஆனாலும் பரவாயில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்கவேண்டும். முதலில் நான்கு வாரப் பாடம் தருவார்கள், படித்து நேரில் தேர்வு எழுதவேண்டும், தேறினால் சேர்க்கை. நடுவில் நிறுத்தினாலும் சான்றிதழ், டிப்ளமா, பி.எஸ்சி. என்று ஒவ்வொரு படியிலும் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியேறலாம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.

ஆனால் இது பி.டெக். இல்லை. கல்யாணப் பத்திரிகையில் 'ஐஐடி' என்று போட்டுக்கொள்ளலாம், வளாகத்தில் தங்கிப் படித்த படிப்பும் இதுவும் ஒன்று என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லவேண்டாம். பாடம் கடினம். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் இரண்டு பருவம் திணறுகிறார்கள், தாண்டியவர்களும் இருக்கிறார்கள்.

"ஆன்லைன்ல பி.இ., நர்சிங் எல்லாம் இருக்குன்னு ஒருத்தர் அட்மிஷன் போடறாரே?"

போடவேண்டாம். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் எதையும் முழுக்க ஆன்லைனில் படித்துப் பட்டம் வாங்க அனுமதி இல்லை. தொலைதூரத்தில் வாங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2017இலேயே கடுமையாகத் தீர்ப்பு சொல்லிவிட்டது. கட்டிய முன்பணத்தை இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

"ஆன்லைன் டிகிரி வெச்சு டிஎன்பிஎஸ்சி எழுதலாமா?"

அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் என்றால் எழுதலாம். ஆன்லைன், தொலைதூரப் பட்டமும் நேரில் படித்த பட்டமும் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டு. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பாருங்கள். போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமல் போகும். இப்போது மாணவருக்கென்று அந்தப் பிரிவு தரும் டெப் ஐடி என்ற பதிவு எண் ஒன்று எடுத்துத்தான் சேரவேண்டும். 'அதெல்லாம் தேவையில்லை, நாங்க பாத்துக்கறோம்' என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, வரிசை. பத்து, பிளஸ் டூ, பிறகு டிகிரி. பிளஸ் டூ இல்லாமல் நேரே டிகிரி வாங்கியவர்கள் தமிழக அரசு வேலைக்கு வரும்போது அடிபடுகிறார்கள்.

"ஊட்டுக்கே வந்து டேப் குடுத்துட்டுப் போனாங்க. இப்ப மாசாமாசம் பேங்க்ல பிடிக்கறாங்க. நிறுத்த முடியுமா சார்?"

இதைக் கேட்டு வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். குனியவேண்டியவர்கள் நீங்கள் இல்லை. என் தங்கை வீட்டிலும் நடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். டை கட்டிய இருவர் வந்தார்கள், பையனிடம் நான்கு கேள்வி கேட்டார்கள், 'புள்ளைக்கு பேஸ்மென்ட் வீக்' என்றார்கள். தங்கை கண்ணில் தண்ணீர். ஆதார், பான், ஒரு ஓடிபி. மாதக் கட்டணம் என்று அவள் நினைத்தாள். அது கடன். கம்பெனிக்கு முழுப் பணமும் ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து அன்றைக்கே போய்விட்டது. தங்கை கட்டியது நிதி நிறுவனத்துக்கு. டேப் பெட்டியை விட்டு வெளியே வந்தது நான்கு நாள்.

முதல் விஷயம்: வங்கியில் பணம் வைக்காமல் விடுவதால் மட்டும் இது நிற்காது. கடன் நிலுவை என்று சிபில் மதிப்பெண் விழும். நாளைக்கு டிராக்டர் லோனுக்குப் போனால் கதவைச் சாத்துவார்கள். கடன் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். போனில் வாங்கும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிப்படி, ஆரம்பத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களின் வட்டியையும் கொடுத்து அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். அந்த நாட்கள் எத்தனை என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். நாள் தாண்டிவிட்டால், படிப்பை ரத்து செய்யச் சொல்லி கம்பெனிக்கும், கடனை முடிக்கச் சொல்லி நிதி நிறுவனத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசுவது காற்றில் போகும். 30 நாளில் நிதி நிறுவனம் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர், எண் 14448. கம்பெனி மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

தானாகப் பணம் பிடிக்கும் வசதிக்கு ஒப்புக்கொள்ளவேண்டாம் என்று மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை எங்கள் ஊர் வரை வரவில்லை, டை கட்டியவர்கள் வந்தார்கள். தங்கைக்கு ஏழு மாதம் கழித்துப் பாதிப் பணம் திரும்பியது.

"பெரிய கம்பெனியே மூழ்கிடுச்சுன்னு சொல்றாங்க. அப்ப ஆன்லைன் படிப்பே பொய்யா?"

பைஜூஸைக் கேட்கிறீர்கள். 2022இல் 22 பில்லியன் டாலர் மதிப்பிட்டார்கள். 2024 ஜூலையில் திவால் வழக்கு ஏற்கப்பட்டது. கம்பெனி விழுந்ததற்குக் கடன், கணக்கு, வேகமாக வாங்கிக் குவித்த மற்ற கம்பெனிகள் என்று பல காரணம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: விலை சுழியத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த சரக்கை அவர்கள் பெரிய விலைக்கு விற்றார்கள். அதற்கு விற்பனையாளர் படையும் கடனும் தேவைப்பட்டன. புரட்டிப்போட வந்தவர்களும் புரட்டப்படுவார்கள்.

அமெரிக்காவில் வீட்டுப்பாடத்துக்கு விடை தந்து சம்பாதித்த செக் என்ற நிறுவனம், சாட்ஜிபிடியால் புது வாடிக்கையாளர் வரத்து குறைகிறது என்று 2023 மே மாதம் ஒப்புக்கொண்டது. ஒரே நாளில் பங்கு விலை ஏறக்குறையப் பாதியானது.

"சாட்ஜிபிடி கிட்ட கேட்டா எல்லாம் சொல்லுதே. இனிமே டியூஷன் எதுக்கு?"

இதுதான் இப்போது வந்திருக்கும் பெரிய புரட்டல். 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. மேலே மலிவாகாத மூன்று என்று சொன்னேனே, அதில் முதலாவதில், அதாவது சந்தேகம் தீர்ப்பதில், கை வைத்துவிட்டது. இரவு பதினொன்றுக்குக் கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. பத்தாவது முறை கேட்டாலும் 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்காது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. பெஞ்சமின் ப்ளூம் என்ற கல்வியாளர் 1984இல், ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து கற்பித்தால் சராசரி மாணவர் வகுப்பில் மிக உயரத்துக்குப் போகிறார் என்று எழுதினார். அந்த அளவு பிறகு மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் திசை சரி.

கோளாறு என்னவென்றால், தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். ஒரு ஏஐ செயலியிடம் கிருஷ்ணகிரி மாவட்டம் எப்போது பிரிந்தது என்று கேட்டேன். 2004 பிப்ரவரி 9, சரி. வத்தல்மலைக்கு இங்கிருந்து எந்த பஸ் என்று கேட்டேன். நம்பர், நேரத்தோடு இல்லாத பஸ் ஒன்றை விட்டது. பஸ் விஷயத்தில் எனக்குத் தெரியும், சிரித்தேன். கரிம வேதியியலில் அப்படி ஒரு பஸ் விட்டால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதனால் பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். 'விடை சொல்' என்பதற்குப் பதில் 'இந்தப் பாடத்தில் என்னைப் பத்துக் கேள்வி கேள், ஒவ்வொன்றாகக் கேள், தப்பைச் சொல், விடையைச் சொல்லாதே' என்று போட்டுப் பாருங்கள். அப்போது இரண்டாவது வேலையையும், விரட்டுவதையும், கொஞ்சம் செய்கிறது. ஆனால் போனைக் கவிழ்த்து வைத்தால் அது பின்னால் ஓடி வராது.

"அசைன்மென்ட்ட ஏஐல எழுதிட்டு உங்ககிட்டதான் பிரிண்ட் எடுக்கப் போறேன். வாத்தியாருக்குத் தெரிஞ்சுடுமா?"

என்னிடமே கேட்கிற தைரியத்தைப் பாராட்டுகிறேன். மெஷின் வைத்துக் கண்டுபிடிப்பது நம்பத்தக்கதாக இல்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்து, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. சொந்தமாக எழுதிய பிள்ளையைக்கூட அது மாட்டிவிடும்.

ஆனால் வாத்தியாருக்கு மெஷின் எதற்கு? நாற்பது பிரிண்டில் முப்பது 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கினால் எனக்கே தெரிகிறது. ஒரு கேள்வி வாய்மொழியாகக் கேட்டால் முடிந்தது. அதோடு, என்பிடெல்லும் ஐஐடியும் தேர்வை மட்டும் ஏன் நேரில் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது புரியும். ஏஐ வந்தபின் தேர்வு அறையின் மதிப்பு ஏறித்தான் இருக்கிறது.

"எங்க கொட்டாய்ல டவரே எடுக்காது. இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?"

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் பெட்டி கழுதை மேல் போன மாவட்டம் இது. உங்கள் கோபம் நியாயம். ஆனாலும் டவர் எடுக்கும் இடத்துக்கு வாரம் ஒருமுறையாவது வருகிறீர்கள் அல்லவா, அன்றைக்குப் பாடத்தைத் தரவிறக்கி வையுங்கள். பெரும்பாலான கல்விச் செயலிகளில் அந்த வசதி உண்டு. வீடியோவின் தரத்தைக் குறைத்தால் டேட்டா கால்வாசிதான் ஆகும். கரும்பலகை தெரிந்தால் போதும், வாத்தியார் சட்டையின் கோடு தெரியவேண்டாம். முடியாதவர்கள் மெமரி கார்டோடு கடைக்கு வாருங்கள், அரசுப் பாடங்களை ஏற்றித் தருகிறேன்.

"ஓசூர் பக்கம் நாங்க. ஊட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ், பாடம் இங்கிலீஷ். எந்த மொழில கேக்கறது?"

புரிகிற மொழியில் கேளுங்கள், தேர்வு மொழியில் எழுதிப் பழகுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள் ஏஐயிடம் தெலுங்கையும் தமிழையும் கலந்தே கேட்கிறார்கள், அதற்குப் புரிகிறது. என்பிடெல்லின் பல பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் இருக்கிறது. கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் குறித்துக்கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பு சில இடத்தில் வைக்கோல் மாதிரி இருக்கும்.

"பொம்பளப் புள்ளைக்கு போன் குடுக்க பயமா இருக்குங்க."

பயத்தைச் சும்மா ஒதுக்கமாட்டேன். ஆனால் அண்ணனுக்கு ஒன்பதாவதிலேயே போன் வாங்கித் தந்தபோது இந்தப் பயம் எங்கே போனது என்றும் கேட்பேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே படிப்பறிவு குறைந்த மாவட்டம் தர்மபுரி, 68.54 சதவீதம், பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம் பேசும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. காலேஜுக்கு அனுப்பாத வீட்டில்கூட போன் வழியாக டிகிரி படிக்கும் பெண்கள் என் கடைக்கு வருகிறார்கள். அந்தக் கதவையும் சாத்தினால் அவர்களுக்கு வேறு கதவு இல்லை. கூடத்தில் உட்கார்ந்து படிக்கட்டும், ராத்திரி போன் சாமி மாடத்தில் இருக்கட்டும். அண்ணனுக்கும் அதே சட்டம். யாராவது மிரட்டினால், பணம் பறித்தால், பிள்ளையைத் திட்டாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

"அப்ப ஸ்கூலு, காலேஜு எல்லாம் ஒருநாள் மூடிடுவாங்களா?"

முதல் கேள்வியில் வந்த அதே கிறிஸ்டென்சன் 2008இல் ஒரு கணக்கு போட்டார்: 2019க்குள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பாடங்களில் பாதி ஆன்லைனுக்குப் போய்விடும் என்று. போகவில்லை. அவர் 2020 ஜனவரியில் இறந்தார். இரண்டே மாதத்தில் உலகம் முழுக்கப் பள்ளிகள் போனுக்குள் போயின, திறந்த அன்றைக்கு எல்லாரும் ஓடி வெளியே வந்தார்கள். எஸ்.டி.டி. பூத்தில் மனிதர்கள் வாங்கியது பேச்சு மட்டும். அது வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்ததும் பூத் செத்தது. பள்ளியில் பாடம் மட்டுமா கிடைக்கிறது? காலைச் சிற்றுண்டி கிடைக்கிறது, கூட விளையாட ஆள் கிடைக்கிறது, அம்மா தோட்ட வேலைக்குப் போக ஏழு மணி நேரம் கிடைக்கிறது.

பாடத்தை வாசித்துக் காட்டுவதை மட்டுமே வேலையாக வைத்திருக்கும் காலேஜ்கள் ஆட்டம் காணும் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகச் சான்றிதழ்களே அரசின் டிஜிலாக்கர் செயலியில் வரும்போது என் ஜெராக்ஸ் மெஷின் எத்தனை நாள் ஓடும் என்றும் யோசிக்கிறேன். பக்கத்துக் கடை காலியாக இருக்கிறது. அதில் பத்து நாற்காலி, ஒரு வைஃபை, சாயங்காலம் கேள்வி கேட்க பி.எஸ்சி. முடித்த ஒரு பெண் என்று போட்டால் ஓடுமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டிருக்கிறேன். வாடகை எவ்வளவு என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.